தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ: கடைசியில் மாண்ட்ரெசருக்கு நெஞ்சைப் புரட்டுவது எதனால்?

வௌவால்:

எட்கர் ஆலன் போவின் இந்தக் கதை 1846 நவம்பரில் கோடீஸ் லேடீஸ் புக் பத்திரிகையில் வந்தது. கேள்வியே முடிவைப் பற்றித்தான் என்பதால், படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரே மூச்சில் முடிகிற கதைதான்.

ஞாபகத்துக்காகச் சுருக்கம். ஃபார்ச்சுனாட்டோ தன்னை அவமதித்துவிட்டான் என்கிறான் மாண்ட்ரெசர். என்ன அவமதிப்பு என்று கடைசிவரை சொல்வதில்லை. கார்னிவல் சமயத்து மாலை ஒன்றில், கோமாளி வேடமும் மணி கட்டிய குல்லாவுமாகப் போதையில் திரிகிறவனைப் பிடித்து, 'ஒரு பீப்பாய் அமோன்டிலாடோ மது வாங்கியிருக்கிறேன், அசல்தானா என்று சந்தேகம்' என்று ஆசை காட்டித் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப்போகிறான். முன்னோர்களின் எலும்புகள் குவித்துவைத்த இடம் அது. அதன் கோடியில் ஒரு மாடம். அதற்குள் அவனைச் சங்கிலியால் பிணைத்து, முன்னால் சுவர் எழுப்பி உயிரோடு அடைத்துவிடுகிறான்.

கடைசிக் கல்லை வைக்கும்போது உள்ளே இருப்பவன் பேச்சை நிறுத்திவிடுகிறான். இவன் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், பதில் இல்லை. இடுக்கு வழியாகத் தீப்பந்தத்தை உள்ளே போடுகிறான். மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நெஞ்சைப் புரட்டியது என்கிறான், அதே வாக்கியத்தில் 'நிலவறையின் ஈரத்தால்' என்று காரணமும் சொல்லிவிடுகிறான். அரை நூற்றாண்டாக அந்த எலும்புகளை யாரும் தொடவில்லை என்று சொல்லி, இறந்தவர் சாந்தியடையட்டும் என்ற லத்தீன் வாசகத்தோடு முடிக்கிறான்.

இது குற்ற உணர்வா இல்லையா? மணி ஒலிக்கும்போது ஃபார்ச்சுனாட்டோ உயிரோடு இருக்கிறானா? ஐம்பது வருடம் கழித்து இதையெல்லாம் யாரிடம் சொல்கிறான்? வாசிப்புக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கிறது. 'அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்' என்ற பதில் வேண்டாம். எந்த வரி எதற்கு ஆதாரம் என்று சொன்னால் போதும்.

இரவல் புத்தகம்:

முடிவிலிருந்து தொடங்கினால் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் நிற்பீர்கள். முதல் பத்திக்குப் போங்கள். பழிதீர்ப்பது முழுமையாக வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை என்று மாண்ட்ரெசரே வகுத்துவைக்கிறான். ஒன்று, பழிதீர்த்தவன்மேல் அந்தப் பழி திரும்பி வரக் கூடாது. வந்தால் கணக்குத் தீரவில்லை. இரண்டு, தன்னை அழிப்பவன் பழிதீர்க்கத்தான் அழிக்கிறான் என்பது அநியாயம் செய்தவனுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும் கணக்குத் தீரவில்லை.

இரண்டாவது நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு நிலவறைக் காட்சி முழுவதையும் படியுங்கள். 'நீ செய்ததற்கு இது' என்று மாண்ட்ரெசர் ஓர் இடத்தில்கூடச் சொல்வதில்லை. சங்கிலி பூட்டிய பிறகும் ஃபார்ச்சுனாட்டோவின் வாயில் வருவது 'அமோன்டிலாடோ!' என்ற வார்த்தைதான். அவன் இன்னும் மதுவைத் தேடிக்கொண்டிருக்கிறான். சுவர் முடியும் தறுவாயில் சிரிக்கிறான், நல்ல வேடிக்கை என்கிறான், வீட்டில் மனைவியும் மற்றவர்களும் காத்திருப்பார்கள், போகலாம் என்கிறான். உண்மையிலேயே வேடிக்கை என்று நம்புகிறானா, நம்புவதுபோல நடித்துத் தப்பப் பார்க்கிறானா என்பது வேறு விவாதம். எப்படியானாலும் பழிவாங்கல் என்ற பேச்சே அவன் வாயிலிருந்து வரவில்லை.

அதன்பிறகுதான் 'கடவுளுக்காக, மாண்ட்ரெசர்!' என்ற அலறல். கதைசொல்லியை ஒருவர் பெயர் சொல்லி விளிப்பது கதை முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான். தன்னைக் கொல்வது யார் என்பது அவனுக்கு உறைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு ஆதாரம் இந்த ஒற்றை விளிப்புதான். மாண்ட்ரெசர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான். பதில் வரவில்லை. பொறுமை இழந்ததாக அவனே சொல்கிறான். கூப்பிடுகிறான், மறுபடி கூப்பிடுகிறான். இரக்கப்படுகிறவன் கல்லைப் பிடுங்குவான். இவனுக்கு வேண்டியது ஒரு வார்த்தை. 'ஏன்' என்று கேட்டிருந்தால்கூடப் போதும், சொல்லியிருப்பான். அதைக் கேட்காமலேயே ஃபார்ச்சுனாட்டோ வாயை மூடிவிட்டான். நெஞ்சைப் புரட்டுவது அந்த ஏமாற்றம் என்பது என் வாசிப்பு.

குற்ற உணர்வு என்று படிக்க விரும்பினாலும் தடையில்லை. ஆனால் அப்போது முதல் நிபந்தனை உடைகிறது. சட்டம் பிடிக்கவில்லை, மனசு பிடித்துவிட்டது என்றால் பழி திரும்பி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஏமாற்றம் என்றால் இரண்டாவது உடைகிறது, குற்ற உணர்வு என்றால் முதலாவது. எந்தப் பக்கம் படித்தாலும் அவன் போட்ட விதியிலேயே அவன் தோற்கிறான். 1846 ஏப்ரலில் வெளியான 'தி ஃபிலாசஃபி ஆஃப் காம்போசிஷன்' கட்டுரையில், முடிவைத் தீர்மானித்துக்கொண்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும் என்று வாதாடியவர் போ. முதல் பத்தியில் அந்த நிபந்தனைகள் சும்மா வந்து உட்காரவில்லை.

சுண்ணாம்புக்கல்:

உயிரோடு இருந்தானா என்ற கேள்விக்குக் கதையில் இருக்கும் அளவுகளே ஓரளவு பதில் சொல்கின்றன. இவ்வளவு அளவு கொடுத்திருக்கிறாரே, யாரும் கூட்டிப்பார்ப்பதில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு குறை.

மாடத்தின் ஆழம் சுமார் 4 அடி, அகலம் 3 அடி, உயரம் 6 அல்லது 7 அடி. பின்பக்கம் திடமான கருங்கல். அதை அடைக்கும் சுவர் மொத்தம் 11 வரி கல். உயரத்தை வரியால் வகுத்தால் ஒரு வரி ஆறரை முதல் ஏழரை அங்குலம் வரை வருகிறது. ஏழு வரி முடிந்தபோது சுவர் தன் மார்பளவுக்கு வந்தது என்கிறான் மாண்ட்ரெசர். ஏழு வரிக்கு 46 முதல் 53 அங்குலம், மார்பளவேதான். ஆக, சுவர் விஷயத்தில் அவன் வார்த்தையை நம்பலாம். மனசு விஷயத்தில் மட்டும்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

சங்கிலி எதற்கு? சுவர் கட்டத்தானே போகிறான், கட்டிப்போட்டது கூடுதல் கொடுமை என்று பலர் நினைக்கிறார்கள். கொடுமை சரிதான், ஆனால் வேலைக்கு அது கட்டாயம். சுண்ணாம்புச் சாந்து இறுக நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். ஒரே இரவில் எழுப்பிய சுவர் ஈரமாகவேதான் இருக்கும், காலால் நாலு உதை விட்டால் வரி பெயர்ந்துவிடும். அதனால்தான் இரண்டடி இடைவெளியில் இரண்டு இரும்புக் கொண்டி, இடுப்பைச் சுற்றிச் சங்கிலி, பூட்டு. சாவியையும் எடுத்துக்கொண்டு பின்வாங்குகிறான். எலும்புக் குவியலுக்கு அடியில் கல்லோடு சாந்தையும் முன்கூட்டியே ஒளித்துவைத்திருந்தானே, காய்ந்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுப் படாமல் மூடிவைத்தால் சுண்ணாம்புச் சாந்து வாரக்கணக்கில்கூடக் கெடாது. அது ஓட்டை இல்லை.

இனி மணிச் சத்தம். உள்ளே இருக்கும் காற்று 72 முதல் 84 கன அடி, அதாவது இரண்டு கன மீட்டருக்குச் சற்றுக் கூட. தீப்பந்தம் எரியாமல் கனன்றுகொண்டிருந்தது என்று முன்பே ஒரு வரி வருகிறது, அங்கே காற்று ஏற்கெனவே கெட்டுப்போனதுதான். ஆனாலும் அந்த அளவு காற்று ஒருவனுக்குச் சில மணி நேரமாவது தாங்கும். தவிர, அந்த நேரத்தில் மாடம் இன்னும் முழுதாக அடைபடவே இல்லை. கடைசிக் கல் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'மூச்சுத்திணறி இறந்துவிட்டான், அதனால்தான் மௌனம்' என்ற வாதம் நிற்காது. ஒரு நிமிடம் முன்னால்தான் அலறியிருக்கிறான்.

ஆனால் மணி ஒலித்ததால் அவன் அசைந்தான் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறேழு அடி உயரத்து இடுக்கிலிருந்து தீப்பந்தம் விழுகிறது. உள்ளே மூன்றடி அகலத்தில் ஒரு மனிதன் நகர இடமில்லாமல் கட்டுண்டு நிற்கிறான். பந்தம் அவன் குல்லாவில் பட்டாலே மணி ஒலிக்கும். அதிர்ச்சியில் மயங்கியிருக்கலாம், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூன்றையும் அந்த ஒரு சத்தம் தாங்குகிறது. இங்கே கதாசிரியர் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார், நாமாகச் சாத்த வேண்டாம்.

எதிர்வாதி:

இரவல் புத்தகத்தின் 'ஏமாற்றம்' வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் உடம்பைக் கணக்கில் எடுக்கவில்லை. மாண்ட்ரெசரின் உடம்பு சுவரோடு சேர்ந்து மாறிக்கொண்டே வருகிறது.

நாலாவது வரி முடிந்ததும் உள்ளே சங்கிலி வெறியோடு குலுங்குகிறது. வேலையை நிறுத்திவிட்டு எலும்புகள்மேல் உட்கார்ந்து நிதானமாக ரசிக்கிறான். திருப்தியோடு கேட்டேன் என்று அவனே சொல்கிறான். ஏழாவது வரிக்குப் பிறகு உள்ளிருந்து வரிசையாகக் கூச்சல். இப்போது தயங்குகிறான், நடுங்குகிறான், வாளை உருவி மாடத்துக்குள் துழாவுகிறான். நிலவறைச் சுவரில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் தைரியம் வருகிறது, அப்புறம் அவனைவிடச் சத்தமாகக் கத்துகிறான். கட்டிப்போட்டவனைக் கண்டு எதற்கு வாளை உருவ வேண்டும்? பதினோராவது வரியில் மெல்லிய சிரிப்பு கேட்டதும் தலைமயிர் சிலிர்த்து நிற்கிறது. கடைசியில் நெஞ்சைப் புரட்டுகிறது. திருப்தி, நடுக்கம், சிலிர்ப்பு, குமட்டல். பதில் கிடைக்காத கோபம் இந்த வரிசையில் எங்கே பொருந்துகிறது?

அடுத்து அந்த 'ஈரம்'. இதை முன்னிருந்து தேடிப் படியுங்கள். நிலவறையில் ஈரம், சுவரெல்லாம் வெடியுப்பு, உன் இருமலுக்கு ஆகாது, திரும்பிப் போய்விடலாம்: இந்தப் பேச்சு முழுக்க மாண்ட்ரெசருடையது. ஒவ்வொரு தடவையும் அது பொய்க் கரிசனம். போக வேண்டாம் என்று சொல்லியே ஒருவனை உள்ளே இழுக்கும் தந்திரம். வேலைக்காரர்களிடமும் அதையேதான் செய்தான். காலைவரை வரமாட்டேன், வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னால் முதுகைத் திருப்பியதும் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆக, கதை முழுக்க ஈரம் என்பது அவன் பொய் சொல்ல எடுக்கும் கருவி. அதே கருவியைக் கடைசிப் பத்தியில் தன் நெஞ்சின்மேலேயே வைக்கிறான். வேறு எந்த நடுக்கத்துக்கும் காரணம் சொல்லாதவன் இதற்கு மட்டும் எதற்கு அவசரமாகக் காரணம் சொல்கிறான்?

போவின் மற்ற கதைகளையும் பக்கத்தில் வைக்கலாம். 'தி டெல்-டேல் ஹார்ட்', 'தி பிளாக் கேட்' இரண்டும் 1843. முதல் கதையில் கொலைகாரன் போலீசார் முன்னால் தானே கத்தி ஒப்புக்கொள்கிறான். இரண்டாவதில் பிணத்தை மறைத்த சுவரைத் தானே தட்டிக்காட்டி மாட்டிக்கொள்கிறான். 1845இல் வந்த 'தி இம்ப் ஆஃப் தி பெர்வெர்ஸ்' கதையிலும் யாரும் சந்தேகப்படாத ஒருவன் தானாகவே உளறிவிடுகிறான். மூன்று பேருக்கும் வாய்தான் எமன். மாண்ட்ரெசர் மட்டும் தப்பித்தான் என்கிறோம். ஐம்பது வருடம் தாமதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வௌவால்:

ஈரத்தை அப்படிப் பின்னோக்கித் தேடலாம் என்று தோன்றவே இல்லை, நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். முதல் பத்தியில் 'என் ஆன்மாவின் இயல்பை நன்கறிந்த நீங்கள்' என்று ஒருவரைப் பார்த்துப் பேசுகிறானே, அது பாதிரியாரா? இரண்டாவது, இது போ தன் சொந்த எதிரிமேல் இருந்த ஆத்திரத்தில் எழுதியது என்று படித்தேன். அது முடிவைப் புரிந்துகொள்ள உதவுமா?

மூன்றாம் வாசிப்பு:

இரண்டாவதை முதலில் தள்ளிவிடுவோம். தாமஸ் டன் இங்கிலிஷ் என்ற எழுத்தாளரோடு 1846இல் போவுக்குப் பகிரங்கச் சண்டை நடந்தது உண்மை. இங்கிலிஷ் எழுதியதை அச்சிட்ட பத்திரிகைமேல் போ அவதூறு வழக்குப் போட்டு 1847இல் ஜெயித்ததும் உண்மை. ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பதிலாகலாம். மாண்ட்ரெசருக்கு ஏன் குமட்டியது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

கேட்பவர் பாதிரியார் என்பதற்குச் சாதகமாக இருப்பவை: ஆன்மாவை அறிந்தவர் என்ற விளிப்பு, ஐம்பது ஆண்டு கடந்த முதுமை, இறந்தவருக்கான கத்தோலிக்க வாசகத்தில் முடிவது. மரணப் படுக்கைப் பாவமன்னிப்பு என்ற வாசிப்பு இதிலிருந்துதான் வருகிறது. எதிராக இருப்பது தொனி. பாவமன்னிப்புக்கு அடிப்படை மனம் வருந்துதல். இவனோ நகைச்சுவையை ரசித்துச் சொல்கிறான். இருமலால் சாகமாட்டேன் என்கிறான் ஃபார்ச்சுனாட்டோ, உண்மை உண்மை என்கிறான் இவன். நீ மேசன் என்ற ரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவன் இல்லையே என்றால் மேலங்கிக்குள்ளிருந்து கொத்துக்கரண்டியை எடுத்துக் காட்டுகிறான்; ஆங்கிலத்தில் மேசன் என்றால் கொத்தனார் என்றும் பொருள். ஐம்பது வருடம் கழித்தும் இந்தச் சிலேடைகளை ஒன்று விடாமல் சொல்கிறவன் வருந்துகிறவனா? பாதிரியார்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தொனியில் சொன்ன பாவத்துக்கு மன்னிப்புக் கிடைக்காது. அப்படிப் பார்த்தால் முடிவு இன்னும் இருண்டுபோகிறது. எனக்குப் பிடித்த வாசிப்பும் இதுதான்.

கடைசி லத்தீன் வாசகம் ஒருமையில் இருக்கிறது. எலும்புகளைப் பன்மையில் சொன்ன கையோடு ஒருவருக்கு மட்டும் சாந்தி கேட்கிறான். ஃபார்ச்சுனாட்டோவுக்கா, சாகக் கிடக்கும் தனக்கா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

யாரும் தொடாத இன்னொன்று: புதுச் சுவருக்கு முன்னால் பழைய எலும்புகளை மறுபடி அடுக்கி மறைக்கிறான். மாண்ட்ரெசர்கள் பெரிய குடும்பமாக இருந்தார்கள் என்று நடுவில் இறந்தகாலத்தில் ஒரு வரி வருகிறது. குடும்பக் கல்லறையில் எதிரியை நிரந்தரமாகக் குடியேற்றிவிட்டான். இவன் செத்தாலும் போக வேண்டிய இடம் அதுதான். குலச்சின்னத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீலக் களத்தில் ஒரு பொன் பாதம், அது பாம்பை நசுக்குகிறது, பாம்பின் பற்கள் குதிகாலில் பதிந்திருக்கின்றன. என்னைச் சீண்டியவன் தப்பமாட்டான் என்பது குலவாசகம். பாதம் மாண்ட்ரெசரா, பாம்பு மாண்ட்ரெசரா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். யாரானால் என்ன, இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

இரவல் புத்தகம்:

எதிர்வாதிக்கு ஒரு பதில். ஈரம் பற்றிச் சொன்னது வலுவான ஆதாரம், அந்தக் காரணம் பொய் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் பொய் எதை மறைக்கிறது என்பது பாக்கி இருக்கிறது. தலைமயிர் சிலிர்த்தது சிரிப்பைக் கேட்டு, அதாவது மௌனத்துக்கு முன்னால். ஏழாவது வரி நடுக்கமும் கூச்சலைக் கேட்டு. அவன் பயப்படுவதெல்லாம் சத்தம் வரும்போது. கடைசியில் மட்டும்தான் சத்தம் நின்றதால் நெஞ்சைப் புரட்டுகிறது. நாலும் ஒரே வரிசை என்று கட்டினால் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

எதிர்வாதி:

சத்தமே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மணி ஒலித்த பிறகுதான் குமட்டுகிறது. கோமாளிக் குல்லா மணி. கதை முழுக்க ஃபார்ச்சுனாட்டோவின் தலையில் ஒலித்த மணி.

சுண்ணாம்புக்கல்:

கூட்டத்துக்குப் போகும் வௌவாலுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

கையில் இருக்கும் பதிப்பில் அந்த ஈரம் வரியைப் பாருங்கள். இரண்டு பாடம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் குமட்டலுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு நின்று, 'ஈரம் காரணமாக' என்று சுருக்கமாக வரும். மற்றதில் அரைப்புள்ளிக்குப் பிறகு 'ஈரம்தான் அப்படிச் செய்தது' என்று நீட்டி வரும். கோடு இருந்தால் அவன் தடுமாறிக் காரணம் தேடுவதுபோல் ஒலிக்கும், அரைப்புள்ளி என்றால் முன்பே யோசித்துவைத்த பதில்போல் ஒலிக்கும். ஒரே கூட்டத்தில் இருவர் இரண்டு பதிப்பை வைத்துக்கொண்டு வாதாடினால் விடியாது.

கதை வெனிஸில் நடக்கிறது என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஊர்ப்பெயர் கதையில் இல்லை. இத்தாலியர்களைப் பற்றிய பேச்சும் மாளிகையும் கார்னிவலும் உண்டு, அவ்வளவுதான். ஃபார்ச்சுனாட்டோ பெரிய மது நிபுணன் என்றும் சொல்வார்கள். மாண்ட்ரெசர் பேர் சொல்லும் இன்னொரு மது ரசிகனான லுக்கேசிக்கு அமோன்டிலாடோவுக்கும் ஷெர்ரிக்கும் வித்தியாசம் தெரியாது என்று கேலி செய்கிறவன் அவன். அமோன்டிலாடோவே ஷெர்ரி என்ற மதுவில் ஒரு வகைதான். அவமதிப்பு என்னவாக இருக்கும் என்ற ஊகத்துக்குள் மட்டும் இறங்கவிடாதீர்கள், கதையில் பிடிமானம் எதுவும் இல்லாததால் நேரம் அதிலேயே போய்விடும்.

உரக்கப் படிப்பதாக இருந்தால் முதல் பத்தியைப் படித்துவிட்டு நேராகச் சுவரின் ஏழாவது வரிக் கல் முடியும் இடத்துக்குத் தாவுங்கள். அங்கிருந்து முடிவுவரை நிறுத்தாமல் ஒருவரே படிக்கட்டும். மாண்ட்ரெசர் இரண்டாவது தடவை கூப்பிடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.